அப்பா அடித்த வெள்ளை

என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அப்பா செய்த முதல் காரியம், பெங்களூர் ஜோகுபாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு வெள்ளை அடித்தது. ஆள் வைக்கவில்லை. சுண்ணாம்பில் நீலம் கலந்து, தானே மட்டையைப் பிடித்து அடித்தார். அதற்கு முந்திய வருடம் வந்த இடம், பெண் நிறம் கம்மி என்று தட்டிப்போயிருந்தது. வீடாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தார் போலும். இதுவும் தட்டினால் தங்கைக்கு முதலில் முடித்துவிடலாம் என்று அம்மா பேச ஆரம்பித்திருந்தாள். 1953 அது.

மாப்பிள்ளை ஞானசேகரன், தன் அம்மா லட்சுமம்மாவோடும் அக்கா முத்தம்மாவோடும் வந்தார். ஆஸ்டின் டவுன் பக்கம் ஓர் அச்சகத்தில், ஊதுபத்தி அட்டைகளுக்குப் படம் வரைந்து நிறம் கலந்து கொடுக்கிற வேலை அவருக்கு.

என்னைச் சுவரோரம் பாயில் உட்கார வைத்தார்கள். முத்தம்மா அக்கா என்னையும் கையிலிருந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னா மாமா, போட்டோல மாநிறமா இருந்திச்சு. இங்க இவ்ளோ கறுப்பா கீது?”

அப்பா கேசரித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“பொண்ணு மாநிறந்தான்க்கா. செவுருதான் ரொம்ப வெள்ள,” என்றார் மாப்பிள்ளை.

“சும்னிருடா. செவுரு வெளுத்தா பொண்ணு எப்பிடிடா கறுக்கும்?”

அவர் சட்டைப்பையிலிருந்து காப்பித்தூள் நிறத்தில் அச்சக மாதிரிக் காகிதம் ஒன்றை எடுத்து இரண்டாகக் கிழித்தார். தட்டிலிருந்த கேசரியைத் தொட்டு, ஒரு துண்டை என் தலைக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினார். இன்னொன்றைப் புகையேறிக் கன்னங்கரேலென்று இருந்த அடுக்களைக் கதவில். புதுச் சுவரில் நெய் ஊறுவதைப் பார்த்து அப்பா பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

“இப்ப சொல்லு. எது கறுப்பு?”

“செவுத்துல கீறதுதான்.”

இரண்டையும் பிய்த்து அக்காவின் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“அடப்பாவி! ரெண்டும் ஒண்ணு!”

“கேசரிய வீணாக்கிட்டியேடா,” என்றார் லட்சுமம்மா.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “எழுந்து அந்தக் கதவோரமா உக்காரும்மா. நல்லாப் பாத்துக்கலாம்.”

அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்கு என்ன வந்ததோ, எழவில்லை.

“இங்கயே பாத்துக்குங்கக்கா. நாளைக்கு உங்க வீட்ல என்ன செவுரோ, யாரு கண்டா?”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முதலில் சிரித்தது முத்தம்மா அக்காதான்.

“வாயப் பாருடா! உனக்கு இவதான்டா சரி. ஆயித்து, பேசி முடிச்சாச்சு, வெத்தலத் தட்ட எடுங்க.”

கல்யாணமாகிப் போன வீட்டில், முன்னறைச் சுவருக்கு அவர் காவி கலந்த மஞ்சள் அடித்து வைத்திருந்தார். எனக்காகவா என்று சண்டை பிடித்தேன்.

“எனக்காக. உன் மொகத்துல செவப்பு இருக்குது, பச்ச இருக்குது, காதுக்குக் கீழ நீலங்கூட இருக்குது. வெள்ளச் செவுரு அத்தயெல்லாம் முழுங்கிடுது. எனக்குப் பாக்கணும்.”

ஒருமுறை, ஊதுபத்தி அட்டையில் வீணை வாசிக்கிற பெண்ணுக்கு என் நிறத்தைக் கொடுத்தார். முதலாளி ரோஜா நிறமாக்கச் சொன்னார். முணுமுணுத்தபடி மாற்றியும் கொடுத்தார். முதலில் போட்டுப் பார்த்த அட்டை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. வாசனைதான் போய்விட்டது.

1966ல் காய்ச்சலாகப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியத்துக்கு முன் உறவுக்காரப் பையன்கள், நல்ல மனதோடுதான், என்னைக் கேட்காமலே முன்னறைக்கு வெள்ளை அடித்து, அவர் படத்தை மாலையோடு மாட்டிவிட்டார்கள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை.

முத்தம்மா அக்கா உள்ளே வந்தாள். அழுதுகொண்டு வந்தவள் படத்தைப் பார்த்ததும் நின்றாள்.

“எந்தம்பி இவ்ளோ கறுப்பு இல்லடி.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, படத்தை இறக்கினாள். அங்கேயும் புகையேறிக் கறுத்திருந்த அடுக்களைக் கதவைச் சாத்தி, அதில் சாய்த்து வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

“இப்பப் பாரு.”

பார்த்தேன். அவர்தான். அக்காவின் கையில் சந்தனம் இருந்தது. கேசரி போல எனக்குத் தோன்றி, அழுகையினூடே சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது.

அன்றைக்குச் சமையல் முழுவதும் பின்வாசல் வழியாகச் சுற்றித்தான் பந்திக்கு வந்தது. படத்தை நகர்த்த அக்கா யாரையும் விடவில்லை.