எட்டு வரைக்கும்

சேது எண்ணெய்ப் பெடலை மிதித்த மிதியில் எஞ்சின் அலறியது. கார் மட்டும் ஓரடி நகரவில்லை. தோட்டத்துச் செம்மண் பாதை பெரிய சாலையில் ஏறும் முச்சந்தி அது. சுங்கை பெசார் பஸ்ஸுக்கு வழிவிட ஒரு நிமிடம் நின்றதுதான் செய்த குற்றம். கருகிய வாடை உள்ளே ஏறிற்று. பின்சீட்டில் அப்பா செல்லையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கங்காவின் தோளில் சாய்ந்திருந்தார்.

"மிதிக்காதண்ணே. காலை எடு," என்றாள் கங்கா.

"எனக்குச் சொல்லித் தராத லா. பத்து டன் லோரி ஓட்டறவன் நான்."

அது உண்மைதான். செம்பனைக் குலை ஏற்றிய லோரியை ஒரு கையால் வளைத்துத் திருப்பி மறு கையால் சிகரெட் பற்றவைக்கிறவன். அதனால்தான் வீட்டு வாசலில் தங்கையின் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். இந்தப் பழைய ஆட்டோ கியர் காரில் மிதிக்க கிளட்ச் இல்லை, மாற்ற கியர் இல்லை. அவன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட அதில் இடமே இல்லை.

அப்பா கண்ணைத் திறக்காமல் சொன்னார். "கங்காக்கிட்ட குடுடா."

சேது காதில் விழாதவன்போல் இன்னொரு மிதி மிதித்தான்.

"குடுடா சேது."

இறங்கினான். சாலையில் போன மோட்டார்சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

அப்பா இருபது வருடம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவர். துரை சீமைக்குத் திரும்பியபோது காரை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். எண்பத்தொன்றாம் வருடம் கியர் வழுக்கத் தொடங்கியது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டு அதை சுங்கை சோவுக்குக் கொண்டுபோனவன் சேதுதான். அங்கே பட்டறை வைத்திருந்த நடராஜா அவனுடைய கூட்டாளி. லோரி கியர்பாக்ஸில் நடராஜா புலி, ஆனால் ஆட்டோ கியரை அதற்குமுன் அவிழ்த்ததில்லை. பழைய ரப்பர் வளையங்களையே மண்ணெண்ணெயில் கழுவிப் போட்டான். எல்லாவற்றையும் பூட்டி முடித்தபின் மேசையில் ஒரு ஸ்பிரிங்கும் இரண்டு வளையங்களும் மிஞ்சிக் கிடந்தன. "இது தேவையில்லாதது லா," என்றான். சேதுவும் தலையாட்டினான்.

அன்றிலிருந்து நின்று கிளம்பும்போதெல்லாம் கியர் உடனே பிடிக்காது. அப்பா ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். சாவி அதன்பிறகு சேதுவின் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். தோட்டப் பள்ளியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கங்காவுக்கு அப்பா ஓட்டக் கற்றுக்கொடுத்தார். லோரியில் போகும்போது சேது பார்ப்பான். ஓரமாகக் கார் நிற்கும், உள்ளே இரண்டு பேரின் உதடும் அசைந்துகொண்டிருக்கும். கிளம்புமுன் சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வான். வயிறு எரியும்.

இப்போது கங்கா சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கியர் நெம்பை நடுவுக்குத் தள்ளி, மறுபடி டி-க்குக் கொண்டுவந்தாள். எண்ணெய்ப் பெடலைத் தொடவில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு..." எட்டு என்றதும் கார் தோளைக் குலுக்கிக்கொண்டு நகர்ந்தது.

சாமியும் இல்லை, பூதமும் இல்லை. எட்டு வரைக்கும் எண்ணுகிறார்கள். மூன்று வருடமாக இதைச் சேதுவுக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

பின்சீட்டில் இப்போது அப்பாவின் தலை அவன் மடியில் இருந்தது. இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. நெற்றி வேர்வையைச் சட்டை நுனியால் துடைத்தான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாலத்து வேலை நடந்துகொண்டிருந்தது. சிவப்புக் கொடிக்காரன் நிறுத்தினான். லோரிகள் எல்லாம் போனபின் கொடியை இறக்கினான். கங்கா எண்ண ஆரம்பித்தாள். மடியில் அப்பாவின் உதடும் அசைந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனான். அவளோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாலு... அஞ்சு."

ஆறு வரவில்லை. முன்னால் கங்கா ஆறு, ஏழு, எட்டு என்றாள். கார் நகர்ந்தது. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. சேது அவர் மூக்கருகே கையை வைத்துப் பார்த்து, எடுத்துக்கொண்டான்.

"அப்பா எப்படிண்ணே இருக்காரு?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

போகிற நேரத்திலும் மனுஷன் அவளுக்குத்தான் எண்ணினார். அப்பா செத்துப்போன மறு நிமிடமே இப்படித் தோன்றுகிறதே என்று சேதுவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தோன்றியது தோன்றியதுதான்.

மறுநாள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாசலில் கூடினார்கள். "அந்தப் புள்ள இல்லேன்னா மனுசன் ரோட்டுலயே கெடந்திருப்பாரு. ஆஸ்பத்திரி வரைக்குமாவது கொண்டு சேத்துச்சே," என்று பக்கத்து வீட்டு அம்சவள்ளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சேது மீசையை மழித்துக்கொண்டு நின்றான். தோளில் குடத்தோடு சிதையைச் சுற்றி வரும்போதுகூட, கொள்ளி வைப்பது மகன்தான், இதை அவள் பிடுங்க முடியாது என்று நினைத்தான். மூன்றாவது சுற்றில் கால் தடுமாறியது. பெரியவர் ஒருவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பின்கட்டில் கங்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவன் கால் கழுவ வந்தான்.

"ஒனக்குக் குடுத்து வச்சிருக்குண்ணே," என்றாள்.

"எனக்கா?"

"அப்பா தலை ஒன் மடியில இருந்துச்சு. நான் ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கண்ணாடியில பாத்தா ஒன் சட்டை மட்டுந்தான் தெரிஞ்சுச்சு." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "நெனச்சா எனக்குப் பொறாமையா இருக்கு. நேத்துலேருந்து ஒன் மொகத்தைப் பாக்கவே புடிக்கல. கடைசியா என்ன சொன்னாரு?"

என் பேரைச் சொன்னார் என்ற பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உண்மையும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கினான். அவளிடம் இல்லாமல் அவனிடம் மட்டும் இருந்தது உலகத்தில் அந்த ஒன்றுதான்.

"ஒண்ணும் சொல்லல."

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சட்டியை எடுத்தாள்.

விடிந்ததும் அஸ்தி கரைக்க ஆற்றுமுகத்துக்குக் கிளம்பினார்கள். அம்மா காளியம்மா கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். கங்கா சாவியை நீட்டினாள்.

"கொள்ளி வச்சது நீதானண்ணே. நீயே ஓட்டு."

"வழியில நின்னுட்டா?"

"நிக்காது. எட்டு வரைக்கும் எண்ணு, போதும்."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சீட் இன்னும் அவள் இழுத்துவைத்தபடியே இருந்தது, முழங்கால் இடித்தது. அதைத் தள்ளாமலே எஞ்சினை முடுக்கினான். நெம்பை டி-க்குக் கொண்டுவந்து காலை எடுத்தான். வாய்விட்டு எண்ணினான்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு."

நின்றுவிட்டான்.

"என்னண்ணே?"

"பாலத்துக்கிட்ட நீ எண்ணுனப்ப அப்பாவும் எண்ணுனாரு. இது வரைக்குந்தான்."

கங்கா அவனைப் பார்த்தாள். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆறு என்று அவள் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கார் தானாகவே தோளைக் குலுக்கிக்கொண்டு நகர்ந்தது.