வெள்ளைச் சீட்டு

லண்டனில் அந்த மூன்று மாடி ஏறுவதற்குள் மிஸ் டிரான்டருக்கு நாக்குத் தள்ளிவிடும். முப்பத்தொரு வருஷமாக ஏறுகிறாள். கடற்படை தன் ஆட்களைத் தானே விசாரித்துத் தண்டிக்கும். அது சரிதானா என்று சீருடை போடாத ஒரு வக்கீல் காகிதத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்த அலுவலகம். பாய்மரக் கப்பல் காலத்திலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் பெயர்கள் சுவர்ப் பலகையில் இருந்தன. ஒருத்தராவது கப்பலேறிப் பார்த்திருப்பாரா? கேட்காதீர்கள்.

இப்போதைய வக்கீல் பென்ஹாலோ வியாழக்கிழமை மட்டும் வருவார். டிரான்டர் கோப்பில் வெள்ளைச் சீட்டு வைத்தால் படிக்காமல் கையெழுத்து. நீலச் சீட்டென்றால் முனகிக்கொண்டே படிப்பார். ஆக, நியாயம் பார்த்தது அவள்தான். அதுவும் இப்போதெல்லாம் அலுத்துப்போய்.

ஸ்டபிங்ஸ் என்ற மாலுமியின் கோப்புக்கு அட்டையைப் பார்த்தே வெள்ளை வைத்தாள். கப்பலை வேண்டுமென்றே தவறவிட்ட குற்றம், தொண்ணூறு நாள் சிறை. இதில் என்ன இருக்கப்போகிறது? பென்ஹாலோ நெஞ்சுச் சளியோடு படுத்துவிட்டதால் கோப்பு ஆறு வாரம் அப்படியே கிடந்தது.

அவர் திரும்பி வரவிருந்த வியாழன் காலை அதன்மேல் தேநீரைக் கொட்டிவிட்டாள். திட்டிக்கொண்டே தாள்களைப் பிரித்துக் கணப்பின் அருகே காயப்போட்டபோதுதான் கடைசித் தாள் கண்ணில் பட்டது. கப்பலின் நாட்குறிப்பு. "இரவு எட்டு: அடுத்த துறைமுக நேரத்துக்காகக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டன."

ஸ்டபிங்ஸ் அன்று மாலை ஆறுக்கே விடுப்பில் கரையிறங்கிவிட்டான். காலை ஏழுக்குள் திரும்ப வேண்டும்; கப்பல் தன் கடிகாரப்படி ஏழரைக்குக் கிளம்பியது. "ஆறே முக்காலுக்கே வந்துட்டேன், கப்பலைக் காணோம்," என்று விசாரணையில் சொல்லியிருந்தான். பொய் சொல்கிறான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஊர்க் கடிகாரத்தில் கப்பல் ஆறரைக்கே போய்விட்டது, பாவி மக்களா!

டிரான்டர் வெள்ளையை எடுத்தாள். நீலச் சீட்டை வைத்தாள்.

"இன்னைக்குன்னு பாத்து நீலமா?" என்றார் பென்ஹாலோ, இருமிக்கொண்டே.

"ஒரே ஒரு பக்கம் சார். படிங்க."

படித்தார். "அடக் கடவுளே! அஞ்சு அதிகாரிங்க உக்காந்திருந்தாங்களே, எந்தக் கடிகாரம்னு ஒருத்தனுக்குமா கேக்கத் தோணல?"

"அவங்களுக்குக் கப்பல் மணிதான் சார் மணி. வேற ஒண்ணு இருக்கும்னே நெனைக்க மாட்டாங்க."

"நாம யோசனைதான் சொல்ல முடியும். கேட்டாக் கேப்பாங்க."

"சொல்லுங்க. நான் டைப் அடிக்கிறேன்."

கேட்டார்கள். தண்டனை ரத்தானது. எண்பத்தாறாம் நாள் ஸ்டபிங்ஸை வெளியே விட்டார்கள்.

அடுத்த வாரம் அவனே மூன்று மாடி ஏறி வந்தான். இருபத்து மூன்று வயசு, ஒட்ட வெட்டின தலை, கையில் ஒரு பை நிறையப் பேரிக்காய்.

"நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே மிஸ். கீழ வாசல்ல சொன்னாங்க. நான் சொன்னதை நம்பின மொத ஆள் நீங்கதான்."

வாயை மூடிக்கொண்டு பேரிக்காயை வாங்கியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"நம்பலப்பா. படிக்கவே இல்ல. ஆறு வாரம் உன் கோப்பு இந்த மேஜையிலதான் கெடந்துச்சு. தேநீர் கொட்டலேன்னா படிக்காமலே கையெழுத்தாகிப் போயிருக்கும்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "ஆறு வாரமா?"

"ஆமா."

"என் பொண்ணு பொறந்தது அதுலதான் மிஸ்," என்றான் மெதுவாக. "பொறந்து ஒம்பது நாள்தான் இருந்தா."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பையை மேஜையில் வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

பென்ஹாலோ உள்ளிருந்து குரல் கொடுத்தார். "மிஸ் டிரான்டர், வெள்ளையெல்லாம் கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்."

அடுக்கில் பதினேழு கோப்புகள் இருந்தன. அவள் ஒவ்வொன்றிலிருந்தும் சீட்டை உருவிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"இன்னும் படிக்கல சார்," என்றாள்.