இடது பக்க இண்டிகேட்டர்

என் மருமகள் லாரி ஓட்டுகிறாள். பாட்டும் எழுதுகிறாள். கிடாரை வாசித்துக்கொண்டு தானே பாடவும் செய்கிறாள். இதைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களின் வண்டியை நான் வேலைக்கு எடுப்பதில்லை. நான் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் எலக்ட்ரீசியன். முப்பத்திரண்டு வருடமாக ஒரே ஷெட், ஒரே கொள்கை: என் கை பட்ட வண்டி சின்னக் குறையோடுகூட வெளியே போகாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அவள் பாடுவதற்குக் கன்ட்ரி ராக் என்று பெயராம்.

"அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"நீளமான ரோடு, மனசுல கொஞ்சம் பாரம், கையில கிடார், பின்னால டிரம்ஸ். அவ்வளவுதான் அத்தை."

"பாரத்த லாரியில ஏத்து. மனசுல எதுக்கு?" என்றேன். சிரித்துவிட்டு அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவள் பாட்டெல்லாம் பிறந்தது லாரிக்குள்தான். கிடங்கு வாசலில் லோடு ஏற்ற வரிசையில் நின்றால் மூன்று மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, அது டிக் டிக் என்று அடிப்பதையே தாளமாக வைத்து வரி கட்டுவாள். தாளம் தட்டுவதற்கென்றே போனில் ஏதோ இருக்கிறதாம். அதில் உயிர் இல்லை என்பாள். இந்தப் பழக்கத்தால் இரண்டு முறை பேட்டரி இறங்கி, நான் போய் வண்டியைக் கிளப்பிவிட்டு, வழி நெடுக அவளைத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். அவள் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள்.

இப்படி ஒன்பது பாட்டு சேர்ந்தது. ஆல்பத்துக்கு 'காத்திருந்த நேரம்' என்று பெயர் வைத்தாள். ஸ்டூடியோ இரண்டே நாள்தான் கிடைத்தது. என் மகன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவனுக்கு லீவு இல்லை. "நீ கூடப் போம்மா. அங்க யாரையும் திட்டாம இரு, அது போதும்" என்று என்னை அனுப்பினான்.

டிரம்ஸ் செட்டையெல்லாம் லாரியில் ஏற்றினோம். கிளம்பும்முன் வழக்கம்போல வண்டியை ஒரு சுற்று பார்த்தேன். பின்னால் இடது பக்க இண்டிகேட்டர் பல்ப் போயிருந்தது. ஒரு நிமிட வேலை. புதிதாகப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தேன். பல்ப் மாற்றியதற்கெல்லாம் தண்டோரா போடுகிற ஆள் இல்லை நான்.

ஸ்டூடியோ ஒரு பழைய கிடங்கு. சுவரெல்லாம் போர்வை தொங்கியது. ரெக்கார்டிங் செய்கிறவர் ஹெட்ஃபோனைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டார். அவருக்குக் காதுகாரர் என்று பெயர் வைத்தேன். டிரம்ஸ் அடிக்க ஒருவரும் ஸ்டீல் கிடார் வாசிக்க ஒரு அண்ணனும் வந்திருந்தார்கள். அண்ணன் கிடாரைப் படுக்கப் போட்டு, கம்பிமேல் ஒரு இரும்புத் துண்டை வைத்து இழுப்பார். அழுது ஓய்ந்த குழந்தை விசும்புகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டாம் நாள் மதியத்துக்குள் எட்டுப் பாட்டு முடிந்தது.

"எல்லாம் நல்லாயிருக்கு. ஆனா எட்டும் ஒரே நடையில போகுது. ஒன்பதாவதாவது ஓடணும்" என்றார் காதுகாரர்.

"அது ஓடும். அதுதான் இந்த ஆல்பத்துக்கே உயிர்" என்றாள்.

ஓடவில்லை. டிரம்ஸ்காரர் ஒரு வேகத்தில் அடித்தால் வார்த்தை நொண்டியது; இன்னொரு வேகத்தில் மூச்சு வாங்கியது. காதுகாரர் கம்ப்யூட்டரில் தாள வேகத்துக்கான எண்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பதினான்கு தடவை பாடினாள். மணி நாலரை. ஸ்டீல் கிடார் அண்ணனுக்கு ஆறு மணிக்கு பஸ்.

"எட்டோட நிறுத்திக்கலாமே. எட்டும் ஆல்பம்தான்" என்றார் காதுகாரர்.

"ரெண்டு நிமிஷம். லாரியில போய்க் கேட்டுட்டு வந்துடறேன்" என்று வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"அத்தை, வண்டியில யார் கை வச்சது?"

"நான்தான். இடது பக்கம் பல்ப் போயிருந்துச்சு, மாத்திட்டேன். அதுக்கு எதுக்கு இந்த முறை முறைக்கிற?"

படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அது போனதாலதான் அத்தை இந்தப் பாட்டே வந்தது. வர்ற வழியெல்லாம் நீங்க பேசிட்டே வந்ததுல கவனிக்காம விட்டுட்டேன்."

எனக்குச் சுரீர் என்றது. ஒரு பக்கத்தில் ஒரு பல்ப் போய்விட்டால், மிச்சமிருப்பது இரட்டை வேகத்தில் அடிக்கும். டிரைவருக்குத் தெரியட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். முந்தின வாரம் நடந்ததை அப்போதுதான் சொன்னாள். ஒரு புதுக் கிடங்கு, குறுகலான வாசல். இவள் ரிவர்ஸ் எடுக்கும்போது நாற்பது ஆண்கள் நின்று ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டிக் கத்தியிருக்கிறார்கள். இடது இண்டிகேட்டர் படபடவென்று அடிக்க, ஒருவர் சொன்னதையும் கேட்காமல் ஒரே மூச்சில் நேராக ஏற்றி நிறுத்தியிருக்கிறாள். அந்த வேகத்திலேயே பாட்டும் வந்திருக்கிறது. சொன்னால் மாற்றிவிடுவேன் என்று பயந்து என்னிடம் சொல்லவில்லை.

"வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன். கோபம் அவள்மேல் இல்லை. என் கொள்கையைத் தூக்கி என் மருமகள் பாட்டின் தலையில் போட்டுவிட்டேனே என்று என்மேல்தான். பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். முப்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக நல்ல பல்பைக் கழற்றினேன். கை கூசியது. "போட்டுப் பாரு" என்றேன்.

இடது இண்டிகேட்டர் படபடவென்று அடித்தது. அவள் கால் தானாக ஆட ஆரம்பித்தது.

"நான் இங்கயே பாடறேன்" என்றாள் ஸ்டியரிங் பக்கத்தில் உட்கார்ந்து. காதுகாரர் ஷட்டருக்கு அடியில் ஒயரை இழுத்து வந்து மைக்கை நட்டார். உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் ஹெட்ஃபோனில் அந்த டிக் டிக் போனது.

*தள்ளி நில்லுங்க அண்ணே, கண்ணாடியில தெரியுறீங்க,*
*சொல்லித் தர வேணாம் அண்ணே, ஸ்டியரிங் எங்கிட்ட இருக்கு.*

ஒரே தடவைதான். டிரம்ஸ் குதித்துக்கொண்டு வந்தது, ஸ்டீல் கிடார் இந்த முறை அழாமல் கேலி பேசியது, இவள் குரல் இரண்டுக்கும் முன்னால் போனது. என் வீட்டு மருமகளா இது என்று வாயைப் பிளந்து நின்றேன். அப்போது எனக்கு வந்த பெருமையைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. அவளைக் கேட்டால் எழுதித் தருவாள்.

மணி ஐந்தேகால். காதுகாரர் போட்டுக் காட்டினார். "பாட்டு பிரமாதம். அந்த டிக் டிக் மட்டும் கூடவே கேக்குது. வேணும்னா எடுத்துடலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். "அத்தை சொல்லட்டும். கேக்கற டிரைவர் எல்லாருக்கும் பல்ப் போன வண்டின்னு தெரிஞ்சுடும். அவங்க ஷெட்டு வண்டி அது."

எடுத்துவிடச் சொல்லத்தான் வாய் வந்தது. அதை எடுத்தால் பாட்டில் அந்தக் கிடங்கு வாசல் இருக்காது, அந்த நாற்பது பேரும் இருக்கமாட்டார்கள். "இருக்கட்டும்" என்றேன்.

ஆல்பம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. லாரிக்காரர்கள் நடுவில் ஒன்பதாவது பாட்டுதான் சக்கைப்போடு போடுகிறது. போன வாரம் ஒரு டிரைவர் வண்டியை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அக்கா, இண்டிகேட்டர் பல்ப் போயிடுச்சு போல. படபடன்னு அடிக்குது."

சுற்றிப் பார்த்தேன். பல்ப் எல்லாம் நன்றாகத்தான் எரிந்தது. வண்டிக்குள்ளே அந்த ஒன்பதாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"சத்தம் உங்க வண்டியில இல்ல. பாட்டுல வருது" என்றேன்.

காதைக் கொடுத்துக் கேட்டார். முகம் சுளித்தார். "அட, ஆமா! பாட்டு ரெக்கார்டிங்குக்குப் போற வண்டிக்கு ஒரு பல்ப் மாத்த வக்கில்லையா? எந்த எலக்ட்ரீசியன்க்கா இப்படி விட்டது?"

"நான்தான்" என்றேன். "பாடறது என் மருமக. சத்தத்த நல்லாக் கூட்டி வைங்க."