எருக்கஞ்செடியில் விட்ட புழுக்கள்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் தெரிந்து ஓர் உயிரைக் கொன்றதில்லை. நாங்கள் சமணர்கள், நயினார் வீடு. விளக்கில் பூச்சி விழுந்துவிடுமே என்று பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். எறும்பு வரிசையைக் கண்டால் நான் தாண்டித்தான் போவேன்.

இப்படிப்பட்ட நான் இந்த ஆவணியில் பதினேழு உயிரைக் கொன்றேன்.

திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் கிளார்க் நான். மனைவி ராஜமதி மேல்சித்தாமூர்க்காரி. எண்பத்துநாலில் கல்யாணமாகி வரும்போது, அப்பா வீட்டு எலுமிச்சை மரத்தடியில் முளைத்திருந்த கன்று ஒன்றை ஈரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பின்பக்கம் குழாயடியில் நட்டாள். கன்று வேர்விட்டது. அவள்தான் நாளுக்கு நாள் வாடினாள்.

நான் ஒன்பது மணிக்குப் போனால் ஆறு மணிக்கு வருவேன். அதுவரை பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பாள். "எனக்கு இங்க ஒத்துக்கலங்க" என்பாள். என்ன ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு நாளாவது கேட்டேனா? தை மாதத்தில் ஒரு நாள் கத்திவிட்டேன்.

"சோறு இருக்குது, பைப்புத் தண்ணி இருக்குது, நடந்து போற தூரத்துல சினிமாக் கொட்டாய் இருக்குது. வேற இன்னா கேடு உனக்கு?"

மறுநாள் காலையில் பெட்டியோடு நின்றாள். "செடிக்கு மட்டும் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். செடி இருந்தால் என்றைக்காவது அதற்காகவாவது வருவாள் இல்லையா? மாதம் ஒரு கார்டு போட்டேன், எப்போது வருகிறாய் என்று. பதில் இல்லை. நேரில் போய் அழைக்க ரோஷம் விடவில்லை. ஏழு மாதம் ஓடிவிட்டது. வீடு அவ்வளவு வெறிச்சென்று இருந்தது, ஆபீஸ் கதையை அந்தச் செடியிடம் சொல்ல ஆரம்பித்திருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

ஆவணி பிறந்ததும் கறுப்பில் மஞ்சள் திட்டு போட்ட பட்டாம்பூச்சி ஒன்று வந்து கொழுந்து கொழுந்தாகத் தொட்டுவிட்டுப் போனது. பார்த்தால் வெளிர்மஞ்சளில் முட்டைகள், கேப்பை மணியைவிடச் சின்னதாக. நாலைந்து நாளில் இலை மேல் குருவி எச்சம். துடைக்கப் போனேன், எச்சம் நகர்ந்தது. அடக் கடவுளே, புழு! இன்னும் ஒரு வாரத்தில் அவை பச்சையாகி விரல் தடிமனுக்கு வந்துவிட்டன. தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி நாறும். இடுப்பளவுச் செடி பாதி மொட்டையாகிவிட்டது.

மருந்தடிக்க மனம் வருமா? வேலியோரம் எருக்கஞ்செடிகள் செழித்து நின்றன. அவற்றில் உடம்பெல்லாம் வரிபோட்ட வேறு புழுக்கள் கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருந்தன. இதுகளுக்கும் இலைதானே வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகக் காகிதத்தில் ஏந்திக் கொண்டுபோய் பதினேழையும் எருக்கில் விட்டேன். என் ஜீவகாருண்யத்தை நானே மெச்சிக்கொண்டு ஆபீஸ் போனேன்.

மூன்றாம் நாள் காலையில் கீரைக்காரி சின்னபொண்ணு வேலியோரம் நின்று கூப்பிட்டாள்.

"இன்னா நயினாரே, எலுமிச்சம்புழுவக் கொணாந்து எருக்குல வுட்டுகிறீங்க? அல்லாம் செத்துக் கெடக்குது பாருங்க."

ஓடிப்போய்ப் பார்த்தேன். சுருங்கிப்போய்க் கிடந்தன. ஓர் இலையைக்கூட அவை கடித்திருக்கவில்லை. பக்கத்திலேயே வரிப்புழுக்கள் தின்றுகொண்டிருந்தன.

"இவ்ளோ எலை இருக்குதே சின்னபொண்ணு, துன்னக் கூடாதா?"

"எலை இருந்தா ஆச்சா? அததுக்கு ஒரு செடி இருக்குது. இதுக்கு எலுமிச்சை, நாரத்தை, அந்த வாசனைதான் வோணும். மாத்தி வுட்டா பட்டினி கெடந்து சாவுமே ஒழிய வாயத் தொறக்காது. யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நீங்க?"

கீரைக்கட்டை வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சோறு இருக்குது, பைப்புத் தண்ணி இருக்குது என்று நான் கத்தியது என் காதிலேயே கேட்டது. அழுதேன். மறைப்பானேன்?

எலுமிச்சையில் என் கண்ணுக்குத் தப்பிய ஒரே ஒரு புழு மிச்சமிருந்தது. செடியிலோ ஏழெட்டு இலைதான். விட்டால் செடி போகும், எடுத்தால் உயிர் போகும். கிளையோடு ஒடித்துச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு செஞ்சி பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் வேறு எலுமிச்சை மரமே இல்லையா என்று கேட்பீர்கள். எத்தனையோ இருக்கும். எனக்கு மாமனார் வீட்டு மரம் ஒன்றுதான் தோன்றியது.

மேல்சித்தாமூர் கூட்டுரோட்டில் இறங்கி நடந்தேன். ராஜமதி களத்தில் மல்லாட்டைக் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருப்பாள் என்று நினைத்தேன். இல்லை, முகம் தெளிந்து நன்றாக இருந்தாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

டப்பாவைத் திறந்து காட்டினேன். எருக்கில் விட்டது, பதினேழும் செத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கிளையை வாங்கி மரத்தின் கொழுந்துப் பக்கம் செருகினாள். புழு மெல்ல ஏறி ஓர் இலையின் ஓரத்தைக் கடித்தது.

"ஒரு புழுவுக்கோசரம் பஸ் ஏறி வந்துகிறீங்க" என்றாள். "ஏழு மாசமா எனக்கோசரம் வரத் தோணலையே உங்களுக்கு?"

மாமனார் சாப்பிடச் சொன்னார். பொழுது சாயும் முன்னே சாப்பிட்டேன். அவள்தான் பரிமாறினாள். கடைசி பஸ்ஸில் திரும்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து முதல் கார்டு வந்தது. "புழு மரத்திலேயே இடுப்பில் நூல் கட்டிக் கூடாயிற்று. நேற்றுக் காலை பட்டாம்பூச்சியாகிப் பறந்துவிட்டது." அவ்வளவுதான். அதையே திருப்பித் திருப்பிப் படித்தேன்.

பதில் எழுத உட்கார்ந்தேன். எப்போது வருகிறாய் என்று எழுதக் கை தானாகப் போயிற்று, நிறுத்திக்கொண்டேன். "உனக்கு இங்கே எது ஒத்துக்கொள்ளவில்லை? சொல், கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிப் போட்டேன். கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவளிடம் நான் கேட்க வேண்டியிருந்த கேள்வி அது ஒன்றுதான்.

தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் கார்டு கிடக்கிறதா என்று கதவடியில் பார்க்கிறேன். இன்றைக்கும் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன்.