கண் பட்ட கறி

செத்த பசுவின் மேல் ஈக்களும் செத்துக் கிடந்தன. நஷிபே கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கிளிமஞ்சாரோ பக்கமிருந்து வந்த காற்றில் மருந்து நெடி அடித்தது.

சிங்கம் மாட்டை அடித்தால் முள்ளைப் போட்டு மூடிவிட்டுச் சொல்லி அனுப்ப வேண்டும், சிங்கங்களைக் காக்கும் பெண்கள் சங்கம் வந்து பார்த்து இழப்பீடு தரும் என்று ஊரில் ஓர் ஏற்பாடு. சங்கத்துக்காரியான நஷிபேவின் கொழுந்தன் கிபாரென் ஒழுங்காகத்தான் மூடிச் சொல்லி அனுப்பியிருந்தான். இவனாவது பேச்சுக் கேட்கிறானே என்று வரும் வழியெல்லாம் மெச்சிக்கொண்டு வந்தாள். முள்ளை விலக்கினால் கறியெங்கும் ஊதா நிறக் குருணை மருந்து. பொழுது சாய்ந்து முள்ளை எடுத்துவிட்டால் போதும், மிச்சத்தைத் தின்ன வரும் தாய்ச்சிங்கமும் குட்டிகளும் காலி.

"அக்கா, இங்க பாரு," என்றாள் கூட வந்த ரெசியாத்தோ. ஒரு பின்னங்கால் இல்லை. கத்தியால் அறுத்த வெட்டு.

கிபாரென் எட்ட நின்றே பேசினான். "மருந்தா? எனக்கென்ன தெரியும் அண்ணி? சிங்கத்துக்குப் பேரு வெச்சுத் தாலாட்டுறது நீங்க. அதுங்களையே போய்க் கேளுங்க."

"கால எவன்டா வெட்டுனது?"

"காலா?" குனிந்து பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "பசங்க... நான் மருந்து வெச்சுட்டு முள்ளு வெட்டப் போனப்ப இந்தப் பக்கமாத்தான் போனாங்க, அண்ணி."

பசங்க என்றால் அவன் மகன் லெஷன், அவள் மகன் துமாங்கா, அவர்கள் வயது மொரான்கள், ஊரின் இளம் போர்வீரர்கள். ஓடைப் பள்ளத்தில் ஒதுங்கிக் கறி சுட்டுத் தின்பார்கள். கல்யாணமான பெண்ணின் கண் பட்ட கறியை எந்த மொரானும் வாயில் வைக்கமாட்டான். அதனால் பெண்கள் யாரும் அந்தத் திசையையே எட்டிப் பார்ப்பதில்லை.

நஷிபே ஓடினாள். புகை தெரிந்ததுமே கத்தினாள். "திங்காதீங்கடா! அது விஷம்!"

பள்ளத்திலிருந்து சிரிப்புதான் வந்தது. "போன மாசமும் எங்கம்மா இப்பிடித்தான். போலீஸ் வருதுன்னு கத்தி சிங்க வேட்டையக் கெடுத்துச்சு," என்றது துமாங்காவின் குரல். "இப்ப கறியும் சிங்கத்துக்குத்தான் வேணுமாம்!"

போலீஸ் என்றது பொய்தான். அதற்காகச் சங்கமே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. பாவி, நானே கெடுத்துக்கொண்டேனே என்று மார்பில் அடித்துக்கொண்டாள். பிறகு பள்ளத்தில் இறங்கினாள்.

பிள்ளைகள் பதறி எழுந்து நெருப்பை மறைத்து நின்றார்கள். "அம்மா, பாக்காத! மானம் போவுது, போ!"

மகனைப் பிடித்துத் தள்ளினாள். குச்சிகளில் செருகி நெருப்பைச் சுற்றி நட்டிருந்த கறியை ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள். "பாத்துட்டேன்டா. அத்தனையும் பாத்துட்டேன். இனி தின்னுவீங்களா?"

துமாங்கா காறித் துப்பினான். குச்சிகளைப் பிடுங்கி நெருப்பில் எறிந்தான். மற்றவர்களும் எறிந்தார்கள். பெற்றவளை அவன் அப்படி வெறுத்துப் பார்த்ததே இல்லை. பார்க்கட்டும், உயிரோடு இருந்து எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் ஓர் ஆள் குறைவது தெரிந்தது.

"லெஷன் எங்கடா?"

"அவனுக்கு எப்பவும் அவசரம். வேகறதுக்கு முன்னாடியே ஒரு துண்டத் தின்னுட்டு, அந்தா, மரத்தடியில தூங்கறான்."

மரத்தடியில் சிவப்புப் போர்வைக்குள் ஒருவன் சுருண்டிருந்தான். கிபாரென் விழுந்து எழுந்து ஓடி வந்துகொண்டிருந்தான். "லெஷன்! டேய் லெஷன்!" அந்தக் கூச்சலில் எந்தப் பிள்ளையும் எழுந்திருப்பான். போர்வை அசையவில்லை.