இரண்டு மணிக்கு வரும் குரல்

நீல ஸ்வெட்டரை நான் இரண்டு முறை துவைத்தேன். முதல் முறை துவைத்த பிறகும் ஆலிவ் எண்ணெய்க் கறை முழுதாகப் போகவில்லை, டீசல் வாடையும் லேசாக மிச்சமிருந்தது. இத்தாலியிலிருந்து சனிக்கிழமைதோறும் ருமேனியாவில் எங்கள் ஊரான ப்ரயிலாவுக்கு வரும் பார்சல் வேனில் பெட்டிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து இரண்டு நாள் குலுங்கி வரும். எவனோ ஒருவனுடைய எண்ணெய்ப் புட்டி எவளோ ஒருத்தியின் துணியில் கொட்டாமல் இருக்காது. நான் ஒன்பது வருஷமாகத் தனியாகத் துணி துவைக்கிறவன். என் மனைவி டோய்னா வீட்டில் இருந்தவரை வாஷிங் மெஷினை எப்படித் திறப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது கறை போக்குவதில் எங்கள் கட்டடத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கர்வத்தில்தான் இரண்டாம் முறையும் போட்டேன். பால்கனியில் காயவைத்து, பூப்போல எடுத்துவந்து, சமையலறை மூலையில் நாய்க்குட்டிக்கு விரித்தேன்.

அன்று மதியம், இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த டோய்னா போனில் கேட்டாள். "மோந்து பாத்துச்சா?"

"எதை?"

"ஸ்வெட்டரைத்தான்யா. மூணு நாளு கழட்டாம போட்டிருந்து அனுப்பினேன். உனக்கு வேற துணியே இல்லையாடின்னு கிழவிகூட கேட்டுச்சு. கோடை லீவுக்கு நான் வர்றதுக்குள்ள என் வாசனை அதுக்குப் பழகணும்ல?"

மூலையில் குட்டி, சோப்பு மணக்கும் நீலக் கம்பளியில் சுருண்டு கிடந்தது. "மோந்து பாத்துச்சு," என்றேன். "அது மேலதான் படுத்திருக்கு." படுத்திருந்தது உண்மைதான். அதனால் அது முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குட்டி வந்தது நவம்பரில். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் வெந்நீர்க் குழாய்கள் போகும் கான்கிரீட் பள்ளம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் தெருநாய்கள் அதற்குள்தான் ஒண்டும். ஐந்தாம் மாடி ஸ்மரந்தா அக்கா அங்கே அழுகுரல் கேட்டு இறங்கியிருக்கிறாள். தாய் நாயை இரண்டு நாள் முன்பு லாரி அடித்துப் போட்டிருந்தது. குட்டிகளில் இது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. தன் வீட்டில் ஏற்கெனவே மூன்று நாய் இருப்பதால், கோட்டுப் பைக்குள் அதை வைத்துக்கொண்டு என் கதவைத் தட்டினாள். "ஒரே ஒரு வாரம் வெச்சுக்க தம்பி. நீயும் சும்மாதானே கெடக்கிற." சும்மாதான் கிடந்தேன். கப்பல் கட்டும் தளத்தில் முப்பத்திரண்டு வருஷம் வெல்டராக இருந்துவிட்டு, நுரையீரல் சரியில்லை என்று முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். மகன் அயர்லாந்தில் இருக்கிறான், பண்டிகைக்குப் பேசுவான். டோய்னா பொலோனியா நகரத்துப் பக்கத்தில் அந்தப் பணக்காரக் கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று போனவள்தான்.

அவளிடம் சொல்ல எனக்குப் பயம். குட்டி நான்காம் நாளே தன் குரலால் காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்னது அது? வீட்ல நாயா? என் கம்பளத்துல மூத்திரம் போச்சுன்னா நீதான்யா நக்கித் தொடைக்கணும்."

"ஒரு வாரந்தான்."

"எங்க, காட்டு."

போனைத் திருப்பினேன். மேசைக்கடியில் மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு வட்டமாகத் தூங்கியது. "பஸ் ஸ்டாண்டுல வளையமா சுட்டு விக்கிற கோவ்ரிக் ரொட்டி மாதிரியே இருக்கு," என்றாள் டோய்னா. மறுநாள் அழைத்ததும் முதல் கேள்வி, "கோவ்ரிக் சாப்ட்டுச்சா?" என் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டது அதற்கப்புறம்தான். பெயர் வைத்துவிட்டால் ஒரு வாரமாவது ஒன்றாவது.

கோவ்ரிக்கை வளர்த்தது நான் என்று ஊர் சொல்லும். மக்காச்சோளக் களியைக் கோழிச் சாற்றில் கரைத்து விரலால் ஊட்டியது, தரை முழுக்கச் செய்தித்தாள் விரித்தது, நான்கு மாடி தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியது, தடுப்பூசிக்குக் கொண்டுபோனது எல்லாம் நான்தான். ஆனால் அதைப் பேசிப் பேசி வளர்த்தவள் டோய்னா. கிழவி மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம் இங்கே இரண்டு மணி. சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைப்பேன். "யாரது? யாரு அந்தத் திருட்டுப் பய?" என்று அவள் குரல் வந்ததும் குட்டிக்கு உடம்பே வாலாகிவிடும். ஸ்டூலில் தாவி ஏறி, திரையை நக்கி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, அவள் சொல்வதை எல்லாம் கேட்கும். ஒன்றேமுக்கால் மணிக்கே போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளக் கற்றுக்கொண்டது. அவள் செருப்பின் பட்டையை அது கடித்துத் தின்றதைச் சொன்னபோது சிரித்தாள். நான் ஒரு கோப்பை உடைத்தால் ஒரு வாரம் பேசமாட்டாள். அது இருக்கட்டும்.

நாங்களும் பேசினோம். அதைச் சொல்லாமல் விட முடியாது. குட்டி வருவதற்கு முன்னால் எங்கள் பேச்சு, பார்சல் வந்ததா, மாத்திரை போட்டியா என்பதோடு முடிந்துவிடும். இப்போது அது இன்று புறாவைத் துரத்தியது, தபால்காரரைப் பார்த்து ஒளிந்துகொண்டது என்று ஆரம்பித்து எங்கெங்கோ போகும். பூங்கா பெஞ்சில் மற்ற ருமேனியப் பெண்களோடு உட்கார்ந்திருக்கும்போது தனக்கு அழுகை வருவதை ஒருநாள் சொன்னாள். நான் இருமும்போது ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பயந்து நிற்பதைச் சொன்னேன். நேரில் இருந்த இருபது வருஷத்தில் அவளிடம் நான் அப்படி எதையும் சொன்னதில்லை.

ஜூலையில் கிழவி இறந்துபோனாள். போன வருஷம் கிழவியின் இடுப்பெலும்பு முறிந்ததால் டோய்னா ஊருக்கு வரவேயில்லை. இந்த முறை மூன்று வாரம் வருவதாகச் சொன்னாள். வேலை பிடித்துத் தரும் பெண், அங்கேயே பாதுவா நகரத்தில் ஒரு கிழவர் இருக்கிறார், செப்டம்பரில் சேரமுடியுமா என்று கேட்டிருக்கிறாள். "வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்," என்றாள். எதைப் பார்த்து என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் போவதா இருப்பதா என்று ஒரு கேள்வி இருந்தது, அந்தக் கேள்வியைத் தொட்டால் கலைந்துவிடும் என்று பயந்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் பெட்டியைத் தூக்க, அவள் முன்னால் ஏறினாள். வழியெல்லாம் ஒரே பேச்சு, அது என்னைப் பார்த்ததும் என்ன பண்ணும் என்று. கதவைத் திறந்ததும் கைகளை விரித்து, "யாரது? யாரு அந்தத் திருட்டுப் பய?" என்றாள். கோவ்ரிக் நடுக்கூடத்தில் நின்றது. முதுகு மயிர் சிலிர்த்தது. பிறகு, தபால்காரரைப் பார்த்துக்கூடக் குரைக்காத அது, குரைத்தது. என் கால்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு மறுபடி மறுபடி குரைத்தது. ஸ்வெட்டரைப் பற்றி நான் அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல வரவில்லை.

"பழகிடும்," என்றேன்.

"ஆமா, பழகிடும்," என்றாள், கைகளை இறக்கிக்கொண்டு.

பழகவில்லை. பாலாடைக்கட்டியை அவள் கையிலிருந்து வாங்காது, தரையில் போட்டுவிட்டு அவள் நகர்ந்தால் எடுத்துக்கொள்ளும். அவள் கட்டில் பக்கம் போனால் உறுமும். நாயை விடுங்கள், நாங்களே பழகவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து புளிப்புச் சூப் குடிக்கும்போது கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். போனில் ஒரு மணிநேரம் பேசுகிறவர்கள் நாங்கள். உப்பு எங்கே என்று கேட்டாள், வாணலி எங்கே என்று கேட்டாள். மூன்றாம் நாள் அலமாரி முன்னால் நின்று, "இந்தத் தட்டை எடுத்துக்கலாமா?" என்றாள். கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. அந்தத் தட்டுகள் அவளுடைய அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தவை. ஒன்பது வருஷம் அடுத்தவர் வீட்டில் இருந்த பழக்கம் அப்படிச் சட்டென்று போய்விடுமா என்ன. நான் கேட்காததுபோல ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் காலையில், துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள பாதுவாவுக்குப் பதில் சொல்லணும். அங்கயே போயிடலாம்னு பாக்கறேன். இங்க நாய்க்குக்கூட நான் யாருன்னு தெரியல."

போகாதே என்பது ஒரு சொல். அதைச் சொல்லாமல் "உன் இஷ்டம்," என்றேன். அவள் துணியைப் பிழிந்து காயப்போட்டாள்.

அன்று மதியம் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கூடத்திலிருந்து கோவ்ரிக் எழுந்து வந்தது. அவளைச் சுற்றிக்கொண்டு, சுவரை ஒட்டினாற்போலப் போய், ஸ்டூலில் ஏறி, சர்க்கரை டப்பாவைப் பார்த்து உட்கார்ந்தது. அவள் வந்ததிலிருந்து அது தினமும் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி அவளைக் கடைக்கோ ஸ்மரந்தா அக்கா வீட்டுக்கோ அனுப்பிவந்தேன். இன்று எனக்குச் சாக்கு எதுவும் தோன்றவில்லை.

"அது என்ன பண்ணுது?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். இரண்டாக இன்னும் கால் மணிநேரம்.

டோய்னா கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவளுக்கு ஒரு கை தூரத்தில், அவளுக்காக, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது காத்திருந்தது. தன் போனை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போயே போய்விட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சரியாக இரண்டு மணிக்கு என் போன் அடித்தது. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். படிக்கட்டின் மங்கல் வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது.

"யாரது? யாரு அந்தத் திருட்டுப் பய?"

கோவ்ரிக் ஸ்டூலே ஆடும்படி ஆடியது. ஊளையிட்டது, திரையை நக்கியது. ஆறு நாளாக எங்கே போயிருந்தாய் என்று அதட்டுகிற குரல் அது. "ஏண்டா, சாப்ட்டியா? இந்த ஆளு ஒழுங்கா சோறு போடறானா?" அவள் பேசிக்கொண்டே போனாள். கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. பிறகு என் பெயரைச் சொல்லி, "யோவ் கவ்ரில், இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்."

"இருமல் எப்படி இருக்கு?"

காலையில் என் பக்கத்தில் படுத்து எழுந்தவள் கேட்கிறாள். "காலைல கொஞ்சம் ஜாஸ்தி," என்றேன். "நீ கவலைப்படுவேன்னு பாத்ரூம்ல குழாயைத் தொறந்துவிட்டுட்டு இருமினேன்."

"தெரியும்யா. கேட்டுச்சு."

சற்றுநேரம் இருவரும் பேசவில்லை. ஆனால் இது சூப் குடிக்கும்போது இருக்கும் மௌனம் இல்லை, போனில் நாங்கள் பழகிய மௌனம். அதனால்தான் சொல்ல முடிந்தது. "டோய்னா, அந்த ஸ்வெட்டர். அதை நான் துவைச்சுட்டேன். விரிச்சுப் போடறதுக்கு முன்னாடியே. எண்ணெய் கொட்டியிருந்துச்சு, டீசல் நாறுச்சு. உன் வாசனைக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம் சொல்லத் தைரியம் வரல. இதுல நாய் மேல தப்பில்ல. உன் மேலயும் இல்ல."

"துவைச்சியா?"

"ரெண்டு தடவை."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரையில் தெரியவில்லை, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்போல. இருட்டாக இருந்தது. அவள் சத்தம் மட்டும் வந்தது. கதவு வழியாக முதலில், ஒரு நொடி கழித்துப் போன் வழியாக. கோவ்ரிக் நக்குவதை நிறுத்தியது. போனைப் பார்த்தது, கதவைப் பார்த்தது.

"பாதுவாவுக்குப் போகாத," என்றேன். சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "போன்ல கேக்கறேன்னு நெனைக்காத. நேர்ல எனக்குக் கேக்க வரல."

கோவ்ரிக் ஸ்டூலிலிருந்து இறங்கியது. கூடத்தைக் கடந்து மெதுவாகக் கதவருகே போய், முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, கதவுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் கோடாகத் தெரிகிற இடுக்கில் மூக்கை வைத்தது. ஆழமாக இழுத்து இழுத்து முகர்ந்தது. நானும் எழுந்துபோய் அதன் பக்கத்தில் நின்றேன். "அது இங்க கதவுகிட்ட வந்திருக்கு," என்று போனில் சொன்னேன்.

"தெரியுது," என்றாள். "அதோட மூச்சுக்காத்து கால்ல படுது."

எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். ஒரு நிமிஷம் அசையாமல் நின்றால் அணைந்துவிடும். கதவுக்கடியில் இருந்த வெளிச்சக் கோடு அணைந்தது. படிகளில் இறங்கும் செருப்புச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டினேன். ஒன்றும் வரவில்லை. கோவ்ரிக் இடுக்கிலிருந்து மூக்கை எடுக்கவில்லை, அதன் வால் மட்டும் தரையில் ஒரு தடவை தட்டியது. நான் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கதவுக்கடியில் மறுபடி வெளிச்சம் வந்தது, அதில் அவள் கால் நிழல் கதவை நெருங்கியது.