சைக்கிள் ட்யூப்

அடித்தவனுக்கும் உடம்பு வலிக்கும் என்பது சங்கரனுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. வலது தோளைத் தூக்க முடியவில்லை. சட்டையை மாட்டுவதற்குள் அந்த டிசம்பர் குளிரிலும் வேர்த்துவிட்டது. இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் மிச்சம். அந்த இரண்டை வைத்துப் பொத்தான் போட எப்போதோ பழகியிருந்தான். அவன் பெண்சாதி வனஜா நேற்றைய சட்டையை வாளியில் போடப் போனவள் விரித்துப் பார்த்தாள்.

"இன்னா ரத்தம் இது?"

"மூக்கு ஒடஞ்சிச்சி."

"உம் மூக்கு நல்லாத்தான கீது."

அவன் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். அவள் சட்டையை வாளிக்குள் போட்டாள். தண்ணீரை ஊற்றிவிட்டு, அது நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வடக்கே போசரியில் சங்கரன் முன்பு வேலை பார்த்த பட்டறை, ஸ்கூட்டருக்கு வேண்டிய தகடுகளை அடித்துக் கொடுக்கும் இடம். ஆள் உயரத்துக்கு மேலே பவர் பிரஸ்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் இரண்டு பட்டன். இரண்டையும் ஒரே சமயத்தில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மேலிருக்கிற இரும்பு இறங்கும். கை உள்ளே போகக்கூடாது என்பதற்காக மிஷின் செய்தவன் வைத்த ஏற்பாடு. ஆனால் அப்படி அடித்தால் ஷிப்டுக்குக் கேட்கிற எண்ணிக்கை வராது. எண்ணிக்கை வராதவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. அதனால் ஒரு பட்டனைச் சைக்கிள் ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அது எப்போதும் அழுந்தியே இருக்கும். இடது கை தகட்டைத் தள்ளும், வலது கை மற்ற பட்டனைத் தட்டும். வேலூர் பக்கத்திலிருந்து இவர்களையெல்லாம் கூட்டிவந்து சேர்த்த சூப்பர்வைசர் கோவிந்தராஜன், முதல் நாளே ஒவ்வொருத்தனுக்கும் ஒரு துண்டு கொடுப்பான். "இதான்டா உனக்குத் தாலி. அவுத்தா பட்டினி" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கேட்டில் மணியடித்தால் ட்யூபைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார்கள். அவர் போனதும் திரும்பப் பட்டனுக்குப் போய்விடும். துண்டு நைந்துபோனால் அவனவனே புதிதாக அறுத்துக்கொள்வான். அதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

சங்கரனுக்கு ஆனது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால். தகடு கொஞ்சம் கோணலாக நின்றது. நேராக்க இடது கையை உள்ளே விட்டான். பழக்க தோஷத்தில் வலது கை தட்டிவிட்டது. வலி உடனே வரவில்லை. கையுறை மட்டும் அப்பளம் மாதிரித் தட்டையாகக் கிடந்தது, அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு போட்ட சத்தத்தில் பட்டறை முழுக்க நின்றது. கோவிந்தராஜன் ஓடிவந்தான். முதலில் பட்டனிலிருந்த ட்யூபை அவிழ்த்துத் தன் பைக்குள் போட்டான். அப்புறம்தான் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினான்.

இப்படி விரல் கொடுத்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவனான இஸ்மாயில்தான் எல்லோரையும் தேடிப்பிடித்து ஒன்று சேர்த்தான். சுஷ்மா என்ற வக்கீலம்மா காசு வாங்காமல் நஷ்டஈட்டு வழக்கை எடுத்துக்கொண்டாள். தனித்தனியாகப் போனால் தனித்தனியாக நசுக்குவார்கள், ஒரே வழக்காகப் போங்கள் என்றாள். நோட்டீஸ் கைக்குப் போய்ச் சேர்ந்த வாரமே கம்பெனி ஆட்கள் வந்து இஸ்மாயிலின் டீ வண்டியைக் கவிழ்த்தார்கள். இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவன் கொதிக்கிற பாலை அவன் தொடையில் ஊற்றினான். இஸ்மாயில் அடுத்த தேதிக்குத் தோல் உரிந்த தொடையோடு, லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். "பாலு சுத்தமான பாலுடா. தண்ணி கலக்கல" என்றான். அன்றைக்கு ஒன்பது பேரும் ஒருத்தனை ஒருத்தன் விட்டுக்கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள்.

முதலில் கூண்டில் ஏறியவன் பாஸ்கர். அவனுக்குத்தான் இந்தி நன்றாக வரும். இடது கையில் கட்டைவிரல் தவிர எல்லாம் போயிருந்தது. கம்பெனி வக்கீல் என்னென்னவோ கேட்டுவிட்டு, கடைசியில் அவன் வலது மணிக்கட்டைக் காட்டி, அது என்ன என்றார். கறுப்பாக ஒரு ட்யூப் துண்டு. வேலை போய் எவ்வளவோ நாளாகியும் பாஸ்கர் அதைக் கழற்றவில்லை. டிபன் டப்பா மூடியைக் கட்ட உதவுகிறது என்று வைத்திருந்தான். குளித்தாலும் கையிலேயே இருக்கும்.

"ட்யூப்."

"எதற்கு?"

"பட்டனைக் கட்டுறதுக்கு."

"யார் அறுத்தது?"

"நான்தான்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பதில் டைப்பாகிவிட்டது. நேரமாகிவிட்டதால் மீதி விசாரணையை அடுத்த தேதிக்குத் தள்ளினார்கள். வெளியே வந்த சுஷ்மாவின் முகம் சரியில்லை. பாதுகாப்பை நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள் என்று இனிமேல் சொல்வார்கள், ஒன்பது பேர் வழக்கும் இந்த ஒரு வார்த்தையில் போகலாம் என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராஜன் பழப்பையோடு பாஸ்கர் வீட்டுக்குப் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாக ஒருத்தன் சொன்னான். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம், அவர்கள் குடியிருந்த தாப்போடியில், ரயில்பாதை ஓரத்துக் குழாயடியில் பாஸ்கர் கால் கழுவிக்கொண்டிருந்தான். நான்கு பேர் போனார்கள். சங்கரன் கையில் அரை இஞ்ச் தண்ணீர் பைப்.

"எவ்ளோடா குடுத்தான் கோவிந்தராஜன்?" என்றான் இஸ்மாயில்.

"ஆப்பிள் குடுத்தான். மாடு துன்னுச்சி. போய் மாட்டக் கேளு பாய்."

இஸ்மாயில் அவன் வயிற்றில் உதைத்தான். பாஸ்கர் சேற்றில் உட்கார்ந்து எழுந்திருக்கப் பார்த்தான். முகத்தில் குத்து விழுந்தது. மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. அந்த ரத்தம்தான் சங்கரனின் சட்டையில் தெறித்தது.

"வக்கீல் கேட்டான், சொன்னன். நாந்தான அறுத்தன்? நீ அறுக்கல?" என்றான் பாஸ்கர்.

அந்தக் கேள்விதான் சங்கரனுக்குப் பொறுக்கவில்லை. அவனும் அறுத்திருக்கிறான். எல்லோரும் அறுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் பாஸ்கரின் வலது கையை இழுத்துத் துவைக்கிற கல்மேல் வைத்து மிதித்துக்கொண்டார்கள். "எந்தக் கையில அறுத்த? இதானே?" என்று சொல்லிக்கொண்டே சங்கரன் பைப்பை இறக்கினான். முதல் அடியில் பாஸ்கர் கத்தவில்லை. அண்ணாந்து பார்த்து, பொறுமையாக, ஏதோ மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்துகிறவன் மாதிரிச் சொன்னான்.

"சங்கரா, இது சோத்துக் கை."

சங்கரன் காதில் அது விழுந்தது. விழுந்தும் இரண்டாவது இறங்கியது, மூன்றாவதும் இறங்கியது. பட்டறையில் எண்ணிக்கைக்காகத் தட்டித் தட்டிப் பழகிய தோள். நடுவில் நிறுத்த அதற்குத் தெரியவில்லை.

அடுத்த தேதிக்குப் பாஸ்கர் வரமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். போலீஸ் வரும் என்று சங்கரன் எதிர்பார்த்திருந்தான். வாகட் பக்கம் புதிதாக எழும்பும் ஒரு கட்டடத்தில் அவனுக்கு வாட்ச்மேன் வேலை. ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் மணல் குவியலுக்குப் பின்னால் போய் நின்றான். யாரும் வரவில்லை.

பாஸ்கர் கோர்ட்டுக்கு வந்தான். வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது. பின்னால் அவன் பெண்சாதி பட்டு. எட்டு பேரும் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தாண்டிப் போகும்போது அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பாஸ்கர் பார்க்கவில்லை. இது எப்படி ஆனது என்று ஜட்ஜ் கேட்டார்.

"குழாயடியில வழுக்கி விழுந்துட்டேன்."

முதல் ட்யூபை யார் கொடுத்தது என்று சுஷ்மா கேட்டாள். கோவிந்தராஜன் சூப்பர்வைசர் கொடுத்தார், அவரே பட்டனில் கட்டியும் காட்டினார், கட்டாதவன் நாளைக்கு வரவேண்டாம் என்றார், அது கிழிந்த பிறகு நான் அறுத்துக்கொண்டேன், போன தடவை யார் அறுத்தது என்று மட்டும்தான் கேட்டார்கள் என்றான் பாஸ்கர். நிறுத்திவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னான். வழக்கை விட்டுவிடச் சொல்லி அவர் என் வீட்டுக்குப் பழம் கொண்டுவந்தார், அதை மாட்டுக்குப் போட்டேன். இஸ்மாயில் குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். பக்கத்தில் வந்து, கனிவாகவே கேட்டார். உன்னோடு வழக்குப் போட்டவர்களே உன் கையை உடைத்தார்கள், இல்லையா? பயப்படாமல் சொல். இங்கே யாரும் உன்னைத் தொட முடியாது.

சங்கரன் வாசலில் நின்ற போலீஸ்காரனைப் பார்த்தான். இவன் ஆமாம் என்றால் எல்லாம் முடிந்தது. வழக்கும் போகும், நான்கு பேரும் உள்ளே போவார்கள்.

"வழுக்கி விழுந்தேன் சார். பாசி" என்றான் பாஸ்கர்.

கையெழுத்துப் போட முடியாது. குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்து அவன் இடது கையைப் பிடித்தார். எந்த விரல் என்று தேட வேண்டியிருக்கவில்லை. இருந்த ஒன்றை மையில் அழுத்தித் தாளில் உருட்டினார்.

வெளியே வேப்பமரத்தடியில் பட்டு வடாபாவைப் பிய்த்து அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு இரண்டு டீ வாங்கிக்கொண்டு சங்கரன் பக்கத்தில் போய் நின்றான்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"வெரல் மடங்காதாம். எலும்பு தூளாயிடுச்சாம்" என்றான் பாஸ்கர். "நல்லாத்தான் அடிக்கற. கோவிந்தராஜன் பாத்திருந்தா திரும்ப வேலைக்கு எடுத்துக்கினு இருப்பான்."

சங்கரன் டீயை அவன் வாயருகே கொண்டுபோனான். பட்டு அந்தக் கையைத் தட்டிவிட்டாள். டீ மண்ணில் கொட்டியது.

"எட்டப் போ" என்றாள். "ஊட்டறதுக்கு நான் கீறன். என்னிக்கும் நான்தான் கீறன்."

சங்கரன் எட்டப் போய் நின்றான். பட்டு முந்தானையை நனைத்துப் பாஸ்கரின் கட்டைவிரலில் இருந்த மையைத் துடைத்தாள். அது போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள், அப்போதும் போகவில்லை. பாஸ்கர் சிறுபிள்ளை மாதிரி அந்த ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கம்பெனி ஒன்பது பேருக்கும் தரவேண்டியது கோர்ட்டில் இருக்கிறது. அடுத்த தேதி மார்ச்சில். பாஸ்கருக்கு ஒரு சோற்றுக் கை வரவேண்டும். அது சங்கரன் தரவேண்டியது.